‘ஸ்வீட் பை அண்ட் பை’: கொயருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை

‘இன் தி ஸ்வீட் பை அண்ட் பை’ என்ற ஆங்கிலக் கிறிஸ்தவப் பாட்டை அடக்க ஆராதனையில் எடுத்தாலே பாதி கொயர்கள், அதாவது சபைப் பாடகர் குழுக்கள், இழுக்க ஆரம்பித்துவிடும். துக்கத்துக்குப் பாடுவதால் மெதுவாகத்தான் பாட வேண்டும் என்று ஒரு நினைப்பு. ஆனால் இந்தப் பாட்டு உருவானதே ஒரு மனிதரின் சோர்வைப் போக்கத்தான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து எல்க்ஹார்ன் ஊரில் சான்ஃபோர்ட் ஃபில்மோர் பென்னட் மருந்துக் கடை வைத்திருந்தார். பாட்டுக்கு இசை போடும் ஜோசப் ஃபில்பிரிக் வெப்ஸ்டர் அவருடைய கூட்டாளி. அடிக்கடி மனம் தளர்ந்துபோகிறவர். ஒருநாள் முகம் வாடிக் கடைக்குள் வந்தார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, ‘பை அண்ட் பை’, அதாவது போகப் போக, எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். அந்தப் பதிலையே பிடித்துக்கொண்டு பென்னட் மூன்று சரணமும், ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் திரும்ப வரும் கோரஸும் எழுதினார். வெப்ஸ்டர் வயலினில் மெட்டுப் போட்டார். அரைமணி நேரத்துக்குள் நான்கு ஆண்கள் நின்று பாடிவிட்டார்கள் என்பது பென்னட் சொன்ன கணக்கு. 1868இல் ‘தி சிக்னெட் ரிங்’ தொகுப்பில் அச்சேறியது. வெப்ஸ்டர் 1875இலும் பென்னட் 1898இலும் இறந்துவிட்டதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. தாராளமாக நகலெடுத்துக் கொடுக்கலாம்.

முதலில் இசைக்கருவி வேண்டாம். வார்த்தைகளைத் தாளத்தோடு வாசிக்க விடுங்கள். சரணத்தின் ஒவ்வொரு வரியிலும் 9 அசை. இரண்டு லேசு, ஒன்று அழுத்தம் என்று மூன்று முறை வரும். “தேர்ஸ் எ லேண்ட், தட் இஸ் ஃபே, ரர் தன் டே.” தடுக்குகிற இடம் இரண்டு. இரண்டாம் சரணத்தில் ‘மெலோடியஸ்’, மூன்றாம் சரணத்தில் ‘குளோரியஸ்’. பேச்சில் சொல்வதுபோல் ‘மெ-லோ-டியஸ்’ என்று சுருக்கினால் ஓர் அசை குறைந்து கொயர் பாதி ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம் போகும். ‘மெ-லோ-டி-யஸ்’, ‘குளோ-ரி-யஸ்’ என்று பிரித்தே பாடவேண்டும். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் அடுத்த வாரம் மறந்துவிடும்.

வார்த்தை மூன்று மூன்றாக வருவதால் கீபோர்டுக்காரர் மூன்று எண்ணிக்கை வால்ட்ஸ் ரிதம் போட்டுவிடுவார். கூடாது, பாட்டு 4/4, அதாவது ஒரு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) நான்கு எண்ணிக்கை. ‘தேர்ஸ் எ’ நான்காவது எண்ணிக்கையில் வரும், ‘லேண்ட்’ அடுத்த பாரின் ஒன்றில் விழும். ஆகவே ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி நான்கில் கொயரை உள்ளே கொண்டுவாருங்கள். நான்கும் எண்ணி முடித்துக் கை காட்டினால் தொடக்கமே சொதப்பும். வேகம் மெட்ரோனோமில் (தாளம் தட்டிக் காட்டும் கருவியில்) நிமிடத்துக்கு 88 முதல் 100 தட்டு வரை. 70க்குக் கீழே போனால் வரி நடுவில் மூச்சு வாங்குவார்கள், சுருதியும் இறங்கும்.

கித்தாருக்கு ஜி, சி, டி மூன்றே கார்டு போதும். முதல் வரியில் ‘லேண்ட்’ ஜி, ‘ஃபேரர்’ சி, ‘டே’ மறுபடி ஜி. இரண்டாம் வரி ஜியில் போய் ‘அஃபார்’ வரும்போது டி. மூன்றாம் வரி முதல் வரி மாதிரியே. நான்காவதில் ‘பிரிப்பேர்’ ஜி, ‘ட்வெல்லிங்’ டி, ‘தேர்’ ஜி. ஜி மேஜர், அதாவது 5 கட்டை, சபையாருக்கு உயரமாக இருந்தால் 4 கட்டைக்கு, எஃப்புக்கு இறக்குங்கள். கித்தாரின் மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி டி, ஜி, ஏ பிடித்தால் எஃப் வந்துவிடும்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது கோரஸுக்கு. சோப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல், ‘பை’ என்று நீட்டி நிற்கும்போது கீழ்க்குரல்கள் ‘பை அண்ட் பை’ என்று எதிரொலிக்கும். எங்கெங்கே எதிரொலி என்பது பாட்டுநூலுக்குப் பாட்டுநூல் மாறும். எல்லாரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்வது முக்கியம். மேல்குரலைக் கேட்டுவிட்டுப் பாடலாம் என்று ஆண் குரல்களான டெனரும் பேஸும் காத்திருந்தால் அரைத்தாளம் பிந்தும், அடுத்த வரியும் பிந்தும். அவர்கள் மேல்குரலைக் கேட்காமல் எண்ணிக்கையைப் பிடிக்கவேண்டும். ஆண்களை மட்டும் தனியாக, கை தட்டி, எதிரொலி வரும் இடத்தில் மட்டும் வாய் திறக்க வைத்துப் பழக்குங்கள். அது உறுதியான பிறகு சோப்ரானோவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரொலி மெல்லிசாகவே இருக்கட்டும். பேஸ்காரர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்று முழங்கிவிடுவார்கள்.

கோரஸின் இரண்டாவது சுற்றில் ‘பை’யில் சி கார்டு விழும். முதல் சுற்றில் அங்கே சி கிடையாது, ஜியிலேயே நிற்கும். கித்தார்காரர்கள் பழக்கதோஷத்தில் இரண்டு இடத்திலும் சி போடுவார்கள். ‘ஷோர்’ முதல் சுற்றில் டியில் முடியும், இரண்டாவதில் ஜியில்.

மூன்றாம் சரணத்தில் இசைக்கருவிகளை நிறுத்தி நான்கு குரலில் மட்டும் பாடலாம், முதன்முதலில் பாடியதும் கிட்டத்தட்ட அப்படித்தான். சுருதி விலகியதா என்று கோரஸுக்குக் கருவி திரும்பும்போது தெரிந்துவிடும். அதனால் ஒத்திகையில் சரணம் முடிந்ததும் கீபோர்டில் ஒரு ஜி தட்டிச் சரிபாருங்கள். கடைசி ‘ஷோர்’ நான்கு எண்ணிக்கை, அதற்குமேல் இழுக்கவேண்டாம்.