மண்டபத்தில் சவுண்ட் சிஸ்டம் மாட்டியாச்சா? பாக்கிப் பணம் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

மாட்டி முடித்த அன்று சவுண்ட்காரர் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டுவார். மண்டபம் அதிரும், கமிட்டியில் எல்லோரும் தலையாட்டுவார்கள், செக் கைமாறிவிடும். முதல் முகூர்த்தத்தில் பெரியவர் ஒருவர் மைக்கைப் பிடித்து வாழ்த்தும்போதுதான், பின்வரிசைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று தெரியவரும். குத்துப்பாட்டுச் சத்தத்தில் பாதிக் குறைகள் அமுங்கிப்போகும். அதனால் நீங்களே சோதித்துப் பாருங்கள். மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, ஏணி, உதவிக்கு ஒரு ஆள், இவ்வளவுதான் தேவை.

படி 1: அண்ணாந்து பாருங்கள்

15 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்று 20 கிலோ அளவுக்கு இருக்கும். அது ஃபால்ஸ் சீலிங் சட்டத்திலோ கட்டுக்கம்பியிலோ தொங்கினால், மற்ற சோதனையெல்லாம் அப்புறம். முதலில் இறக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடித்திருக்க வேண்டும். அந்தப் பிடி விட்டாலும் தாங்குவதற்குத் தனியாக ஒரு ஸ்டீல் ரோப் வேண்டும்.

படி 2: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

ஸ்பீக்கரில் 'உர்ர்ர்' என்று இரைச்சல் வந்தால், சிலர் செய்யும் குறுக்குவழி மிக்சர் (மைக்குகளையெல்லாம் இணைத்துச் சத்தத்தைச் சரிசெய்யும் கருவி) பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுவது. இரைச்சல் நிற்கும், பாதுகாப்பும் அதோடு போய்விடும். ஒரு பள்ளி அரங்கில் என் கண்ணெதிரே நடந்தது இது. கையில் கிட்டாரோடு பாட வந்த பெண்ணின் உதடு மைக்கில் பட்டதும், ஷாக் அடித்துத் துள்ளிப் பின்வாங்கினாள். கிட்டார் ஆம்ப்புக்கு (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) எர்த் இருந்தது, மிக்சருக்கு இல்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால், தடித்த பின் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

மேடை பிளக் பாயிண்ட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் கம்பி) எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இரைச்சலுக்குச் சரியான மருந்து வேறு: மிக்சருக்கும் ஆம்ப்புக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுப்பது, பேலன்ஸ்டு கேபிள் (வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிட உதவும் கேபிள்) போடுவது, தேவைப்பட்டால் சிக்னல் லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் (சிக்னலை மட்டும் விட்டு, எர்த் தொடர்பைப் பிரிப்பது) வைப்பது.

படி 3: பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா?

இதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இடது, வலது பாக்ஸ்களில் ஒன்றுக்கு மட்டும் வயர் மாறினால், ஒன்றின் கோன் (அதிரும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) செத்துப்போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே புரியாது.

இரண்டிலும் ஒரே குரல் வரும்படி வைத்து, சரிநடுவில் நில்லுங்கள். ஒரு பாக்ஸின் வயரை மாற்றிப் போட்டதும் பேஸ் கூடினால், முன்பு இருந்தது தப்பு. ஒவ்வொரு பாக்ஸையும் தனித்தனியே உறுதிசெய்ய வேண்டுமா? ஆம்ப்பை ஆஃப் செய்து, ஸ்பீக்கர் வயரை அதிலிருந்து கழற்றிவிடுங்கள். பேட்டரியின் பிளஸை வயரின் பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். வூஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) கோன் வெளியே வந்தால் சரி. உள்ளேயே ஆம்ப் உள்ள பாக்ஸ்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

படி 4: வயர் தடிமன்

இரண்டு 8 ஓம் (மின்தடை அளவு) பாக்ஸை இணையாக இணைத்தால் 4 ஓம். அதற்கு 30 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், போக வர 60 மீட்டர், சுமார் 0.7 ஓம். ஆம்ப் கொடுக்கும் பவரில் ஏறக்குறைய 15 சதவீதம் வயரிலேயே சூடாகிப் போகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கேளுங்கள்.

படி 5: பின்வரிசையில் உட்காருங்கள்

மண்டபத்தின் நடுவில் கூடுதல் ஸ்பீக்கர் இருந்தால், மேடை மைக்கின் முன் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் ஓடும். முன்பக்க ஸ்பீக்கர் 17 மீட்டர் முன்னால் இருந்தால், அதன் சத்தம் 50 மில்லிசெகண்ட் பிந்தி வரும். 'டப்-டப்' என்று இரண்டாகக் கேட்டால், நடு ஸ்பீக்கருக்கு டிலே (சத்தத்தை அதே அளவு தாமதித்து அனுப்புவது) வைக்கவில்லை என்று அர்த்தம்.

கடைசியாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத 25 சொற்களைத் தாளில் எழுதி, மேடையில் ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். பந்தி, சாவி, கொலுசு, முப்பது, இந்த மாதிரி. நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததை எழுதுங்கள். தப்பிய சொற்களை வட்டமிட்டு, அந்தத் தாளையே சவுண்ட்காரர் கையில் கொடுங்கள். அவர் சரிசெய்துவிட்டு வந்ததும், வேறு 25 சொற்களோடு மறுபடி அதே நாற்காலியில் உட்காருங்கள்.