கடையில் ஒரு பகுதியை உள்வாடகைக்கு விடுவது எப்படி? (தமிழ்நாட்டுக்கு மட்டும்)

நாங்கள் வாடகைக்கு எடுத்து நடத்தும் ஸ்டேஷனரி கடையின் முன்பக்கத்தை ஒரு ஜெராக்ஸ்காரருக்கு உள்வாடகைக்கு விட்டு, காகித வேலையும் முடிந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். சாதாரண வாடகை அக்ரிமென்ட் போடுவது உங்களுக்குத் தெரியும்தானே.

1. கட்டடம் யாருடையது என்று பாருங்கள். தனியார் என்றால் தொடருங்கள். கோயில், மாநகராட்சிக் கடை என்றால் நேராகக் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

2. அக்ரிமென்டில் உள்வாடகை பற்றி ஏதாவது இருக்கிறதா? ஒன்றுமே இல்லாவிட்டால்தான் ஆபத்து. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 108(ஜே), ஒப்பந்தம் தடுக்காதவரை உள்குத்தகைக்கு விடலாம் என்கிறது. இதை மட்டும் படித்துவிட்டு "அக்ரிமென்டில் தடை எழுதவில்லை, அதனால் விடலாம்" என்று சொல்பவர்கள் நிறைய. ஆனால் 22.2.2019 முதல் இங்கே நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நேர் எதிர். உரிமையாளரின் எழுத்துப்பூர்வ முன்சம்மதம் இல்லாமல் முழுக்கடையையோ ஒரு மூலையையோ விடக்கூடாது. மீறினால் 21-ஆம் பிரிவின்படி உங்களையே காலி செய்ய வைக்கலாம்.

3. சம்மதம் வாங்குங்கள். எங்களுக்கு இழுத்தது இதுதான். "தாராளமா விடுங்க தம்பி" என்றார் கட்டட ஓனரான பெரியவர். ஆனால் பத்திரம் அவர் பெயரிலும் அவருடைய தம்பி பெயரிலும் இருந்தது, அந்தத் தம்பி கோவையில். இருவர் கையெழுத்தும் வரும்வரை ஜெராக்ஸ் மெஷினை உள்ளே இறக்கவில்லை. எத்தனை சதுர அடி, யாருக்கு, என்ன தொழில், எதுவரை என்று நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப் 'ஓகே' எல்லாம் என்னைப் பொறுத்தவரை கணக்கில் வராது.

4. அப்புறம் உள்வாடகை அக்ரிமென்ட். உங்கள் காலக்கெடு முடியும் தேதியை அது தாண்டக்கூடாது. அவர் வாடகை தராவிட்டாலும் ஓனருக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். நெட்டில் கிடைக்கும் மும்பை மாதிரிப் படிவங்களைத் தொடாதீர்கள். உள்ளூர் வக்கீலிடம் கொடுத்து எழுதுவதே மேல். தலைப்பில் 'லைசென்ஸ்' (வாடகை உரிமை இல்லாத, பயன்படுத்தும் அனுமதி மட்டும்) என்று போட்டால் மட்டும் தப்ப முடியாது, இடம் உண்மையில் யார் கட்டுப்பாட்டில் என்றுதான் கோர்ட் பார்க்கும்.

பின்சேர்க்கை: "பார்ட்னராகக் காட்டிவிட்டால் என்ன?" என்று கமென்டில் கேட்டிருந்தார்கள். நிஜமான கூட்டு வியாபாரம் என்றால் சரி. கடையைக் கைமாற்றிவிட்டுப் பேருக்குப் பார்ட்னர்ஷிப் எழுதினால் அது உள்வாடகைதான். கம்பெனிகளுக்கும் இதில் சலுகை இல்லை: இரண்டு கம்பெனிகள் இணைந்ததால் கடை கைமாறியதையே உள்வாடகை என்று 1986-இல் ஜெனரல் ரேடியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கோயில், வக்ஃபு, அரசு, உள்ளாட்சிக் கடைகளுக்கு 2017 சட்டம் பொருந்தாது. அங்கே ஏல நிபந்தனையும் உரிம ஆணையும்தான் பேசும். கோயில் கடை என்றால் முதலில் செயல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள்; பதில் எழுத்தில் வரும்வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.