பெட்டி பிரிக்கிறதுக்கு முன்னாடி ஊசி குத்திப் பாருங்க

ஐப்பசி கார்த்திகையில தேனீப் பெட்டி பிரிக்க, அதாவது ஒரு கூட்டத்த ரெண்டாக்கப் போறீங்கன்னா தேன் அதிகம் தந்த பெட்டிய மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்க. மார்த்தாண்டம், குழித்துறை பக்கமும் கேரளாவுலயும் 1991-92ல தேனீப் புழுக்களக் கொல்லுற தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் (Thai sacbrood) வந்து வரிசை வரிசையா பெட்டி காலியாச்சு, அதுக்கு இன்னைக்கும் மருந்து கிடையாது, செத்த புழுவ வாசனையில கண்டுபிடிச்சு மூடியக் கிழிச்சு வெளிய இழுத்துப் போடுற தேனீங்கதான் மருந்து.

அந்தக் குணம் எந்தப் பெட்டியில இருக்குன்னு பாக்க ஒரு மெல்லிசு ஊசி போதும். புழு வளர்ற மூடுன அடை உள்ள சட்டம் ஒண்ண எடுத்து ரெண்டு மூணு மூடியத் திறந்து பாருங்க, உள்ள இருக்குற கூட்டுப்புழுவுக்கு உடம்பு வெள்ளையாவும் கண்ணு மட்டும் இளஞ்சிவப்பாவும் இருக்கணும், இன்னும் புழுவா இருந்தா குத்தாதீங்க. நெருக்கமா 100 அறை எண்ணி ஒவ்வொண்ணுலயும் உள்ள இருக்குறது சாகுற மாதிரி மூடி நடுவுல ஒரே குத்து. இடத்தை குறிச்சு போட்டோ எடுத்துட்டு திரும்ப வச்சிருங்க. சரியா 24 மணிநேரம் கழிச்சு முழுசா காலியானது எத்தனை, மூடி மட்டும் திறந்தது எத்தனைன்னு தனித்தனியா எழுதுங்க. எல்லா பெட்டிக்கும் ஒரே நாள்ல பண்ணணும், ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை.

தனித்தனியா ஏன்னா, 1964ல ரோதன்பூலர்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி மேற்கத்திய தேனீல இதைப் பாத்தப்போ சில கூடு மூடியத் திறந்துட்டு சும்மா விட்டுச்சு, சில கூடு இவரே திறந்து குடுத்தா மட்டும் புழுவ எடுத்துச்சு. திறக்க ஒரு ஜீன், எடுக்க ஒரு ஜீன், அம்மா அப்பா ரெண்டு பக்கமும் வந்தாத்தான் குணம் வெளிய தெரியும்னு சொன்னாரு. பின்னாடி வந்த ஆராய்ச்சியில ரெண்டு இல்ல, நிறைய ஜீன் சேர்ந்து இதைப் பண்ணுதுன்னு தெரிஞ்சுது.

நம்ம ஆளுங்க கோட்டை விடுறது அப்பா பக்கம்தான். ராணி வெளிய பறந்து போய் பத்துக்கும் மேல ஆண் தேனீங்களோட சேருது, அந்த ஆண் தேனீ கருத்தரிக்காத முட்டையில இருந்து வர்றது, அதுக்கு அப்பாவே கிடையாது, அதோட அம்மா ராணியோட ஜீன் மட்டும்தான் அதுல இருக்கும். அதனால நல்லா சுத்தம் பண்ணுன பெட்டிகள்ல ஆண் தேனீ வளர்ற அடைய வெட்டாம விடுங்க, மோசமான பெட்டியில வெட்டிருங்க. பக்கத்து ரப்பர் தோட்டத்துல பெட்டி வச்சிருக்கவங்களையும் கூட சேத்துக்கணும், தனியா பண்ணுனா பாதி பலன்தான்.

பெட்டி பிரிச்ச பிறகு வர்ற புது ராணி முட்டை போட ஆரம்பிச்சு ரெண்டு மாசமாவது போகட்டும், அப்புறம் திரும்ப குத்திப் பாருங்க, அதுவரை பெட்டியில வேலை பாக்குறதுல பழைய ராணியோட பிள்ளைங்களும் இருக்கும்.