பெட்டியில் ஒரு நாடு, பாகத்தில் இன்னொரு நாடு: கார் பார்ட்ஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிராண்ட் எந்த நாட்டுடையதோ, பாகமும் அங்கேதான் தயாரானது என்று எண்ணிக்கொள்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. கார் பாகங்கள் செய்யும் போஷ் ஜெர்மன் நிறுவனம், ஸ்பார்க் பிளக் செய்யும் என்ஜிகே ஜப்பானில் பிறந்தது. இரண்டுக்கும் பல நாடுகளில் ஆலைகள் உண்டு. ஒரே பார்ட் நம்பர் இன்று ஓர் ஆலையிலிருந்தும் பிறகு வேறோர் ஆலையிலிருந்தும் வரலாம். இதில் மோசடி எதுவும் இல்லை. நாம்தான் பெட்டியை அவசரமாகப் படித்துவிடுகிறோம். ‘டிசைன்ட் இன் ஜெர்மனி’ என்றால் வடிவமைப்பு அங்கே நடந்தது, அவ்வளவுதான். ‘பேக்டு இன்’ என்றால் பெட்டியில் போட்ட இடம். ‘மேட் இன்’ என்ற வரி தனியாக இருக்கிறதா என்று தேடுங்கள்.

பார்கோடைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. 400 முதல் 440 வரை ஜெர்மனி, 690 முதல் 699 வரை சீனா, 890 இந்தியா என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. பட்டியல் சரிதான். ஆனால் அந்த எண்கள், நிறுவனம் எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பில் (பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பு) பதிவு செய்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. 400-இல் தொடங்கும் பெட்டிக்குள் எந்த நாட்டுப் பொருளும் இருக்கலாம்.

விவரம் தெரிந்தவர்களே தடுமாறும் இடம் பிரேக் பேட். அதன் பின்பக்க இரும்புத் தகட்டைத் திருப்பினால் ஒரு வட்டத்துக்குள் E என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் பல பேட்களில் இருக்கும். E1 ஜெர்மனி, E4 நெதர்லாந்து, E11 பிரிட்டன். இது ஒப்புதல் கொடுத்த நாடு. தயாரித்த நாடு அல்ல. அதற்காக இந்த முத்திரையை ஒதுக்கிவிடாதீர்கள். தொடர்ந்து வரும் எண் 90R என்று ஆரம்பித்தால், மாற்று பிரேக் பாகங்களுக்கான ஐ.நா. விதிமுறையின்படி சோதித்த பேட் என்று பொருள். பிடிமானம் ஒரிஜினல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறது அந்த விதி. பிரேக் விஷயத்தில் எனக்கு நாட்டின் பெயரைவிட இந்த எண்தான் முக்கியம்.

கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை) போன்ற பாகங்களில் ஓரிடத்தில் மட்டும் உலோகத்தைத் தேய்த்து எடுத்திருப்பார்கள். உடனே “டூப்ளிகேட்” என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். கார் கம்பெனிக்குச் சப்ளை செய்யும் ஆலையே அதே பாகத்தைத் தன் பெட்டியில் விற்கும்போது, கார் கம்பெனியின் லோகோவை இப்படி நீக்குவது வழக்கம். ஆனால் இதையே ஒரிஜினலுக்கு அத்தாட்சியாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தேய்ப்பது போலிக்காரருக்கும் எளிது.

சரி, ‘மேட் இன்’ வரி இருந்தால் சந்தேகம் தீர்ந்ததா? முழுதாக இல்லை. வாட்டர் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் ஒரு நாட்டிலிருந்தும் சீல் இன்னொரு நாட்டிலிருந்தும் வந்திருக்கலாம். பொதுவாகச் சுங்க விதிகள் பார்ப்பது, பொருள் கடைசியாகக் கணிசமான மாற்றம் பெற்ற இடத்தை.

எல்லாவற்றையும்விட ஆபத்தான குழப்பம், ‘எங்கே செய்தது’ என்ற கேள்வியையும் ‘போலியா’ என்ற கேள்வியையும் ஒன்றாக்குவது. சீனாவில் தயாரானது என்பதாலேயே ஒரு பாகம் மட்டம் ஆகிவிடாது. கார் கம்பெனிகளே அங்கிருந்து வாங்குகின்றன. போலிப் பெட்டியிலோ ‘மேட் இன் ஜெர்மனி’ என்று பளிச்சென்று அச்சிட்டிருக்க முடியும். கார் பாகத் தொழிலுக்கான தரநிலையான ஐஏடிஎஃப் 16949 சான்றிதழைக் காட்டினாலும், அது ஆலையின் தர நிர்வாகத்துக்கானது. கையில் இருக்கும் பாகத்துக்கானது அல்ல.

போலியோ என்று சந்தேகம் வந்தால், பெட்டியில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து திருப்தி அடையாதீர்கள். அது போலியான இணையப் பக்கத்துக்கும் கூட்டிப் போகலாம். தயாரிப்பாளரின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, பாதுகாப்பு எண்ணை அங்கே சரிபாருங்கள். பாகத்தின் மீதுள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். அப்புறம், வண்டியில் மாட்டுவதற்கு முன்பே பேட்ச் நம்பரை (எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் எண்) படம் எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு அது பெரும்பாலும் கண்ணில் படாது. நீங்கள் வாரண்டி கேட்கும்போது கடைக்காரர் அதைக் கேட்கலாம்.