ஈசிஜி பதிவுக்குள் வாட்டர்மார்க்: பதிப்பது, எடுப்பது, சோதிப்பது

ஒரு ஈசிஜி கோப்பு மருத்துவமனையிலிருந்து இதய நிபுணருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், ஆராய்ச்சிக் குழுவுக்கும் கைமாறிப் போகிறது. இது யாருடைய பதிவு, நடுவில் யாராவது கைவைத்தார்களா என்று கேட்டால் பதில் எங்கே இருக்கும்? பெயரும் எண்ணும் கோப்பின் தலைப்புப் பகுதியான ஹெட்டரில்தான். ஃபார்மட் மாற்றும்போது ஹெட்டர் தொலைவது சாதாரணம். பதிலைச் சிக்னலுக்குள்ளேயே பதித்துவிட்டால் சிக்னல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். அதற்குத்தான் வாட்டர்மார்க்.

பாட்டுக்கும் புகைப்படத்துக்கும் போடும் வாட்டர்மார்க், சுருக்கினாலும் வெட்டினாலும் அழியக்கூடாது. மருத்துவச் சிக்னலில் நிலைமை வேறு. டாக்டர் பார்ப்பது அசல் அலையாகவே இருக்க வேண்டும். ஆகவே வாட்டர்மார்க்கை எடுத்தபின் ஒவ்வொரு சாம்பிளும் (ஒரு கணத்தில் அளந்த மதிப்பு) பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும். யாராவது ஒரு சாம்பிளைத் தொட்டிருந்தால் வாட்டர்மார்க் உடைந்துபோக வேண்டும், அதுவே நமக்கு எச்சரிக்கை. பல பாடங்கள் கடைசி பிட்டை மாற்றி எழுதும் முறையில் தொடங்குகின்றன. அதில் பழைய பிட் நிரந்தரமாகப் போய்விடும் என்பதால் ஈசிஜிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம். இங்கே செய்யப்போவது வித்தியாசத்தை விரித்துப் பதிக்கும் முறை. கணக்கு கூட்டல் கழித்தல் அளவுதான்.

இது என்கிரிப்ஷன் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வாட்டர்மார்க் போட்ட ஈசிஜியை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ரகசியம் காக்க வேண்டுமென்றால் அதற்கு மேல் தனியாகப் பூட்டுப் போட வேண்டும்.

தேவையானவை

பைத்தான், எண் வரிசைகளைக் கையாளும் நம்பை, ஈசிஜி கோப்புகளைப் படித்து எழுதும் டபிள்யூஎஃப்டிபி நூலகம் மூன்றும் போதும். எச்மேக் (ரகசியச் சாவியை வைத்துத் தரவுக்குப் போடும் முத்திரை எண்) கணக்கிடும் வசதி பைத்தானுடனேயே வருகிறது. பயிற்சிக்கு பிசியோநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் எம்ஐடி-பிஐஎச் அரித்மியா (சீரற்ற இதயத் துடிப்பு) தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் 1975-க்கும் 1979-க்கும் இடையில் எடுத்த பதிவுகளிலிருந்து உருவானது. 47 பேருடைய 48 பதிவுகள், ஒவ்வொன்றும் சுமார் அரை மணி நேரம், இரண்டு சேனல், நொடிக்கு 360 சாம்பிள்.

100-ஆம் பதிவை இறக்கி, அதன் ஹெட்டர் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் சேனலின் வரியில் 212, 200, 11, 1024, 995, -22131 என்று எண்கள் வரிசையாக நிற்கும். 212 என்பது சேமிப்பு ஃபார்மட், இரண்டு சாம்பிளை மூன்று பைட்டில் அடைக்கும் முறை. 200 என்றால் ஒரு மில்லிவோல்ட்டுக்கு 200 படி, அதாவது ஒரு படி 5 மைக்ரோவோல்ட். 11 என்பது பிட் அளவு, மதிப்புகள் 0 முதல் 2047 வரை. 1024 நடுக்கோடு. 995 முதல் சாம்பிள். -22131 செக்சம், அதாவது எல்லாச் சாம்பிளையும் கூட்டிக் கிடைக்கும் சரிபார்ப்பு எண். கடைசி எண்ணைக் குறித்து வையுங்கள், சோதனை செய்யும்போது தேவைப்படும்.

படி 1: முழு எண்ணாக வாசியுங்கள்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். டபிள்யூஎஃப்டிபி நூலகம் இயல்பாக மில்லிவோல்ட் கணக்கில் தசம எண்களைத் தரும். அதில் பதித்தால் சேமிக்கும்போது எண்கள் முழுமையாக்கப்பட்டு மாறி, வாட்டர்மார்க் கலைந்துவிடும். வாசிக்கும்போது ‘பிசிக்கல்’ என்ற தேர்வை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, கருவி தந்த முழு எண்களையே வாங்குங்கள். வாங்கியதும் 32 பிட் குறியுள்ள முழு எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். குறியில்லாத 16 பிட்டில் 995-லிருந்து 996-ஐக் கழித்தால் -1 வராது, 65535 வரும்.

படி 2: தொகுதிகளாகப் பிரியுங்கள்

ஒரு சேனலில் 650000 சாம்பிள் இருக்கும். பத்து நொடிக்கு ஒரு தொகுதி என்று 3600 சாம்பிளாக வெட்டினால் 180 தொகுதி வரும், 2000 சாம்பிள் மிஞ்சும். மிச்சத்தைக் கடைசித் தொகுதியோடு சேர்த்துவிடுங்கள். அதை அப்படியே விட்டால் பதிவின் கடைசி ஐந்தரை நொடிக்குக் காவல் இருக்காது.

தொகுதியைச் சிறிதாக்கினால் எங்கே கைவைத்தார்கள் என்று நுணுக்கமாகத் தெரியும், ஆனால் பதிக்க இடம் போதாது. பெரிதாக்கினால் இடம் தாராளம், ஆனால் ‘இந்த ஐந்து நிமிடத்தில் எங்கோ’ என்றுதான் சொல்ல முடியும். பத்து நொடி நடைமுறைக்கு ஒத்துவரும். வழக்கமான 12 லீட் (இதயத்தைப் பார்க்கும் கோணம்) ஈசிஜியின் நீளமும் அதுவே.

படி 3: பதிக்கவேண்டிய செய்தி

ஒவ்வொரு தொகுதிக்கும் 352 பிட். முதல் 16 பிட் தொகுதி எண், அடுத்த 16 பிட் மொத்தத் தொகுதிகளின் எண்ணிக்கை, அடுத்த 64 பிட் நோயாளிக் குறியீடு, மீதி 256 பிட் எச்மேக்-ஷா-256 முத்திரை (ஷா-256 என்பது எந்தத் தரவையும் 256 பிட் எண்ணாகச் சுருக்கும் கணக்கு).

நோயாளியின் பெயரையோ போன் நம்பரையோ அப்படியே வைக்காதீர்கள். மருத்துவமனை எண்ணை வெறும் ஷா-256 போட்டு வைப்பதும் போதாது. ஆறு இலக்க எண் என்றால் மொத்தமே பத்து லட்சம் வாய்ப்புதான், அத்தனையையும் ஒரு லேப்டாப் நொடிகளில் போட்டுப் பார்த்துவிடும். தனி ரகசியச் சாவி ஒன்றை வைத்து அந்த எண்ணுக்கு எச்மேக் எடுத்து, முதல் 64 பிட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

முத்திரைக்கான எச்மேக்கை எதன்மேல் கணக்கிடுகிறீர்கள் என்பதில்தான் பாதுகாப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. தொகுதியின் அசல் சாம்பிள்கள் மட்டும் போதாது. கூடவே தொகுதி எண், மொத்த எண்ணிக்கை, நோயாளிக் குறியீடு, சேனல் எண் நான்கும் உள்ளே போக வேண்டும். தொகுதி எண் இல்லாவிட்டால் ஒருவர் நல்ல பத்து நொடியை வெட்டி, அரித்மியா வந்த இடத்தில் ஒட்டிவிடலாம், முத்திரை அப்போதும் பொருந்தும். மொத்த எண்ணிக்கை இல்லாவிட்டால் வாலை நறுக்கினாலும் தெரியாது. சேனல் எண் எதற்கு என்பவர்கள் இதே தொகுப்பின் 114-ஆம் பதிவைப் பார்க்கலாம். மற்றவற்றோடு ஒப்பிட்டால் அதில் இரண்டு லீடும் இடம் மாறி இருக்கும்.

சாம்பிள்களை எச்மேக்குக்குக் கொடுக்கும்போது ‘16 பிட், குறியுள்ளது, லிட்டில் எண்டியன் (சிறிய பைட் முதலில்)’ என்று ஒரே வடிவத்தை முடிவு செய்து எழுதி வையுங்கள். பதிக்கும் கணினி ஒரு வடிவத்திலும் சரிபார்க்கும் கணினி வேறு வடிவத்திலும் கொடுத்தால், யாரும் தொடாத கோப்பு திருத்தப்பட்டதாகக் காட்டும். சாவியை நிரலுக்குள் எழுதாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

படி 4: இடம் இருக்கிறதா என்று எண்ணுங்கள்

ஒவ்வொரு சாம்பிளிலிருந்தும் அதற்கு முந்தைய சாம்பிளைக் கழியுங்கள். ஈசிஜியில் துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே கோடு ஏறக்குறைய தட்டையாக ஓடுவதால் இந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்கும். 0 அல்லது -1 வரும் சாம்பிள்களில்தான் பிட் உட்காரும். ஒரு தொகுதியில் அப்படி 352 இடமாவது வேண்டும்.

இப்படி 0, -1 இரண்டை மட்டும் பயன்படுத்துவது வரம்பு 1. போதாவிட்டால் வரம்பை 2 ஆக்குங்கள். அப்போது -2 முதல் 1 வரை நான்கு வித்தியாசங்களும் பயன்படும். தசை நடுக்கம் கலந்த பதிவுகளில் இது தேவைப்படலாம். வரம்பு எவ்வளவோ, ஒரு சாம்பிள் அதிகபட்சம் அத்தனை படிதான் நகரும். வரம்பு 1 என்றால் 5 மைக்ரோவோல்ட். ஒரு மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் என்ற வழக்கமான ஈசிஜி தாளில் இது 0.05 மில்லிமீட்டர், சின்னக் கட்டத்தில் இருபதில் ஒரு பங்கு.

படி 5: பதியுங்கள்

வரம்பு 1-க்கான விதி இது. தொகுதியின் முதல் சாம்பிளைத் தொடக்கூடாது. அடுத்ததிலிருந்து, அசல் வித்தியாசம் 0 அல்லது -1 என்றால் அதை இரண்டால் பெருக்கி, பதிக்கவேண்டிய பிட்டைக் கூட்டுங்கள். 1-ம் அதற்கு மேலும் என்றால் ஒன்றைக் கூட்டுங்கள். -2-ம் அதற்குக் கீழும் என்றால் ஒன்றைக் கழியுங்கள். இந்த இரண்டிலும் பிட் எதுவும் போகாது. பதித்த வித்தியாசங்களோடு குழம்பாமல் இருக்க நகர்த்தி வைக்கிறோம், அவ்வளவே. வந்த புது வித்தியாசத்தை முந்தைய அசல் சாம்பிளோடு கூட்டினால் புது சாம்பிள்.

கையால் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். சாம்பிள்கள் 960, 960, 961, 960, 959, 963 என்றும் பதிக்கவேண்டிய பிட்டுகள் 1, 0, 1 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 960 அப்படியே இருக்கும். இரண்டாவதன் வித்தியாசம் 0, பிட் 1 சேர்ந்து 1 ஆகிறது, சாம்பிள் 961. மூன்றாவதன் வித்தியாசம் 1, நகர்ந்து 2, சாம்பிள் 962. நான்காவதன் வித்தியாசம் -1, இரட்டித்து பிட் 0 சேர்த்தால் -2; முந்தைய அசல் 961, ஆக 959. ஐந்தாவதும் -1, பிட் 1 சேர்ந்து -1, 960-உடன் கூட்டினால் 959. கடைசியின் வித்தியாசம் 4, நகர்ந்து 5, சாம்பிள் 964. கிடைத்தது 960, 961, 962, 959, 959, 964. எதுவும் ஒரு படிக்கு மேல் நகரவில்லை. (மூன்று பிட்டும் முடிந்த பிறகும் கடைசி சாம்பிளை நகர்த்தியது விதியைக் காட்டத்தான். நிஜத்தில் 352-ஆவது பிட் உட்கார்ந்ததும் நிறுத்திவிடுங்கள், மீதி சாம்பிள்கள் அசலாகவே இருக்கட்டும்.)

நிரலில் விடையை அதே வரிசையின் மேலேயே எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அப்போது அடுத்த சாம்பிளுக்கு ‘முந்தைய அசல்’ என்று நீங்கள் எடுப்பது ஏற்கெனவே மாறிய எண்ணாக இருக்கும். விடைக்குத் தனி வரிசை வையுங்கள்.

படி 6: சேமியுங்கள்

பழைய 212 ஃபார்மட்டில் சேமிக்கலாம்தான். ஆனால் எலக்ட்ரோடு அசைந்து சிக்னல் மேல் எல்லையில் முட்டி நிற்கும் இடத்தில் 2047-ஓடு ஒன்று கூடினால் வைக்க இடமில்லை. ஒரு சாம்பிளுக்கு 16 பிட் தரும் ஃபார்மட் 16-ஐப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை. இரண்டு சேனலுக்குமாகக் கோப்பு 19,50,000 பைட்டிலிருந்து 26,00,000 பைட்டாக வளரும், பரவாயில்லை.

எழுதும் செயலிக்கும் முழு எண்களையே கொடுங்கள். 200 என்ற கெயினையும் (ஒரு மில்லிவோல்ட்டுக்கான படி) 1024 என்ற நடுக்கோட்டையும் நீங்களே குறிப்பிடுங்கள். மில்லிவோல்ட் எண்களை மட்டும் கொடுத்தால் நூலகம் தானாகவே புது கெயினைக் கணக்கிட்டு எல்லா எண்ணையும் மாற்றிவிடும். படத்தில் பார்த்தால் அலை அச்சு அசலாகத் தெரியும். உள்ளே ஒரு பிட்கூட மிஞ்சியிருக்காது.

படி 7: எடுங்கள், சரிபாருங்கள்

இடமிருந்து வலமாகப் போங்கள். ஒவ்வொரு சாம்பிளிலிருந்தும், சற்றுமுன் மீட்ட அசல் சாம்பிளைக் கழியுங்கள். வித்தியாசம் -2 முதல் 1 வரை இருந்தால் அதில் பிட் இருக்கிறது: இரண்டால் வகுத்த மீதி பிட், கீழ்நோக்கி முழுமையாக்கிய ஈவு அசல் வித்தியாசம். வெளியே இருந்தால் ஒரு படி திருப்பி நகர்த்துங்கள். மேலே உள்ள ஆறு எண்களையும் இப்படி எடுத்துப் பாருங்கள், பிட்டுகள் 1, 0, 1 திரும்பி வரும்.

பைத்தானில் -1-ஐ 2-ஆல் முழுஎண் வகுத்தல் செய்தால் ஈவு -1, மீதி 1. நமக்கு வேண்டியது அதுதான். சி, ஜாவா போன்றவற்றில் ஈவு 0, மீதி -1. இதே நிரலை மானிட்டரின் சிப்புக்கு மாற்றி எழுதுபவர்கள் வலப்பக்க ஷிஃப்ட்டையும் கடைசி பிட்டை எடுக்கும் ‘ஆண்ட்’ செயலையும் பயன்படுத்தட்டும்.

352 பிட் கிடைத்ததும் நிறுத்தி, மீட்ட சாம்பிள்களோடு படி 3-ல் சொன்ன நான்கையும் சேர்த்து (தொகுதி எண்ணும் மொத்த எண்ணிக்கையும் கையிலுள்ள கோப்பில் எண்ணிப் பார்த்தவை) எச்மேக்கை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பொருந்தினால் தொகுதி அசல். 352 வருமுன்பே சாம்பிள் தீர்ந்துபோனாலும் ‘உடைந்தது’ என்றே அறிவியுங்கள்.

படி 8: உடைத்துப் பாருங்கள்

முதலில் உடைக்காமல் பாருங்கள். மீட்ட முதல் சேனலின் செக்சம் -22131 வருகிறதா? அதன்பின் ஒரே ஒரு சாம்பிளை ஒரு படி மாற்றுங்கள். இரண்டு தொகுதிகளை இடம் மாற்றுங்கள். கடைசித் தொகுதியை வெட்டுங்கள். 101-ஆம் பதிவிலிருந்து ஒரு தொகுதியைக் கொண்டுவந்து ஒட்டுங்கள். நான்கிலும் நிரல் கத்த வேண்டும். ஃபில்டர் போட்டாலும் கத்தும், அது குறையல்ல. மின்கம்பி இரைச்சலை நீக்கும் ஃபில்டர் (இந்தியாவில் 50 ஹெர்ட்ஸ், இந்தத் தொகுப்பு அமெரிக்கப் பதிவு என்பதால் 60) பதிப்பதற்கு முன்போ எடுத்த பின்போதான் வர வேண்டும்.

சிதைவை அளக்கப் பலரும் பிஆர்டி என்ற சதவீதத்தை (மாற்றத்தின் அளவை அசல் சிக்னலின் அளவால் வகுத்தது) போடுகிறார்கள். வகுக்கும் முன் சிக்னலின் சராசரியைக் கழிக்க மறந்தால் எண் பொய்யாக அழகாகிவிடும். சராசரி 960, திட்ட விலக்கம் 40 என்று வைத்துக்கொண்டால் உண்மையில் 2.4 சதவீதம் இருப்பது 0.1 என்று காட்டும். கட்டுரைகளில் நம்பமுடியாத அளவு சிறிய பிஆர்டியைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இன்னும் பயனுள்ள சோதனை: வாட்டர்மார்க் உள்ள சிக்னலையும் அசலையும் ஒரே ஆர் உச்சி (ஒவ்வொரு துடிப்பின் கூர்மையான முனை) கண்டறியும் நிரலுக்குக் கொடுத்து, துடிப்புகளின் எண்ணிக்கையும் இடமும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

ஸ்கேன் படங்களுக்கு

இதே விதி சிடி, எம்ஆர்ஐ படங்களுக்கும் பொருந்தும். முந்தைய சாம்பிளின் இடத்தில் இடப்பக்க பிக்சல் வரும். உடலுக்கு வெளியே உள்ள கருப்புப் பகுதியில் வித்தியாசம் பெரும்பாலும் பூஜ்யம், ஆகவே இடம் ஏராளம். ஆனால் அந்தப் பகுதி 8 பிட் படங்களில் 0 என்ற எல்லையிலேயே நிற்கும், அங்கே -1-க்குப் போக வழியில்லை. கீழ்ப்பக்கம் நகராத விதியாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது எல்லை மதிப்புகள் உள்ள இடத்தை விட்டு உடல் பகுதியில் பதியுங்கள். மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பாகச் சேமிக்கும்போது இழப்பில்லாத சுருக்கம் மட்டுமே. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் ஜேபெக் சுருக்கம் எல்லாவற்றையும் அழித்துவிடும். அந்த வழியில் போகும் படத்துக்கு உரிமைக்குறி வேண்டுமென்றால் டிசிடி கெழுக்களில் (படத்தை அலைகளாகப் பிரித்தால் வரும் எண்கள்) பரப்பிப் பதிக்கும் உறுதியான வகைதான் சரி. அதில் அசல் பிக்சல்கள் திரும்பி வரா. ஆகவே நோயறிதலுக்கான பிரதியில் அதைப் போடாதீர்கள்.