இரண்டு அறை விடுதிக்குப் பின்டரெஸ்ட்: தொடங்குவது எப்படி?

இலங்கை மலையகத்தின் அப்புத்தளையிலோ எல்லவிலோ வீட்டில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுபவர்கள் பேஸ்புக்கில் படம் போடுகிறார்கள். இரண்டு நாளில் அது கண்ணில் படாமல் போய்விடுகிறது. படங்களைத் தேடிச் சேமித்து வைக்கும் தளமான பின்டரெஸ்ட் (2010இல் தொடங்கியது) அப்படியல்ல. அங்கே மக்கள் வருவது தேடுவதற்கு. பிடித்த படத்தைத் தங்கள் பலகையில் (ஒரு தலைப்பில் படங்களைத் தொகுத்து வைக்கும் இடம்) சேமித்து, பயணம் திட்டமிடும்போது திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். நல்ல படமொன்று மாதக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவரும்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு வரும் கொழும்புக் குடும்பங்களுக்கு இது வேண்டாம்; அவர்களுக்கு வாட்ஸ்அப்பே போதும். இங்கே நமக்கு வேண்டியவர் வெளிநாட்டுப் பயணி.

முதலில் வணிகக் கணக்கு. இலவசம்தான். விடுதியின் பெயரோடு ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்து பலகைகள். ‘எங்கள் விடுதி’ என்று ஒரு பலகை மட்டும் வைத்தால் யார் தேடுவார்? உங்கள் பெயரே அவர்களுக்குத் தெரியாதே. ‘அப்புத்தளையில் பார்க்க வேண்டியவை’, ‘ஒன்பது வளைவுப் பாலம்’, ‘மலையகச் சாப்பாடு’ என்று, அவர்கள் தேடுவதையே தலைப்பாக்குங்கள். எழுதுவது ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

படம் நெடுக்காக, 2:3 அளவில் இருக்க வேண்டும். 1000 x 1500 பிக்சல் சரியாக இருக்கும். கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படமெடுத்து விளம்பரமாக்காதீர்கள். அவர்களை அஞ்சலட்டையாக்கியவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

இனி விவரம். பெரும்பாலானோர் சோம்பல்படும் இடம் இதுதான். அப்புத்தளைக்கு அருகே மலையுச்சியில் உள்ள காட்சிமுனையான லிப்டன் சீட்டில் விடியும் படமொன்று உங்களிடம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். ‘அழகிய காலை’ என்று தலைப்பிட்டால் அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்கப்போவதில்லை. ‘அப்புத்தளையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு விடியற்காலையில் போவது எப்படி’ என்று போடுங்கள். தலைப்புக்கு 100 எழுத்துகள் வரை இடமுண்டு. கீழே: தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை பஸ் போகும், அங்கிருந்து மேலே சுமார் 7 கிலோமீற்றர், நடக்கலாம் அல்லது முச்சக்கரவண்டி பிடிக்கலாம், வெயிலேறினால் மூடுபனி வந்து காட்சியை மறைத்துவிடும். கடைசி வரியில் மட்டும் உங்கள் வியாபாரம்: முதல் நாள் இரவே சொன்னால் வண்டி ஏற்பாடு செய்து, புறப்படும் முன் சூடாகத் தேநீரும் கொடுக்கிறோம் என்று. உபகாரமாக எழுதியதைத்தான் ஆட்கள் சேமிப்பார்கள்.

ஒவ்வொரு படத்திலும் இணைப்பு இருக்க வேண்டும். இணையத்தளம் இல்லாவிட்டால் அறை பதிவு செய்யும் பக்கத்தைக் கொடுங்கள். அழுத்திப் பார்த்து, திறக்கிறதா என்று சோதித்த பிறகே வெளியிடுங்கள்.

காலமும் முக்கியம். பயணிகள் முன்கூட்டியே திட்டமிடுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் வருபவர்களுக்கான படங்களை ஏப்ரலிலேயே ஏற்றுங்கள், டிசம்பருக்கானவற்றைச் செப்டம்பரில். ஒரே நாளில் முப்பது படங்களைக் கொட்டுவதைவிட வாரத்துக்கு மூன்று நான்காகப் போடுவது மேல்.

மாதமொருமுறை புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற எண்ணில் மயங்காமல், எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். அதிகம் அழுத்தப்பட்ட படத்தின் விடயத்திலேயே, வேறு கோணத்தில் எடுத்த படத்தோடு அடுத்ததைப் போடுங்கள்.