காரைக்குடி வெயிலில் புளிக்காத தயிர்: உறை ஊற்றுவது முதல் தட்டில் போடுவது வரை

தயிர் நல்லது என்பது எல்லாருக்கும் தெரியும். 100 கிராம் தயிரில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,000. அதாவது 200 கிராம் கிண்ணம் ஒன்று ஏறக்குறைய கால்வாசியைக் கொடுத்துவிடும். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களில் பலருக்குக்கூடத் தயிர் ஒத்துக்கொள்ளும். பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பங்கை உறைக் கிருமிகள் முன்பே தின்றுவிடுவதுதான் காரணம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சித்திரையில் காலை உறைந்த தயிர், மதியச் சாப்பாட்டுக்குள் பல் கூசுகிற அளவுக்குப் புளித்துவிடுகிறது. அதை வீட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்டு வாங்க மாட்டார்கள். ஆகவே ‘தயிர் அதிகம் சாப்பிடுவது எப்படி’ என்ற கேள்விக்கு முதல் பதில், தயிரை இனிப்பாக உறைய வைப்பதுதான்.

பால். அரை லிட்டர். ஆவின் பச்சை பாக்கெட் (4.5% கொழுப்பு) போதும், ஆரஞ்சு (6%) இன்னும் கெட்டியாக வரும். தண்ணீர் சேர்க்காதீர்கள். பொங்கியதும் இறக்கிவிடாமல், சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம் கிண்டியபடி காய்ச்சுங்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதம் கட்டவிழ்ந்து ஒன்றோடொன்று பிணைவதால்தான் தயிர் தண்ணீர் விடாமல் கத்தியால் வெட்டுகிற பதத்தில் நிற்கிறது.

சூடு. தெர்மாமீட்டர் வேண்டாம். சுத்தமான சுண்டுவிரலை வைத்துப் பத்து எண்ணுங்கள்; இதமாக இருந்தால் சரி. அது 40 டிகிரி பக்கம். சுடச்சுட இருக்கும்போது உறை ஊற்றினால் கிருமிகள் செத்துவிடும், பாலும் திரித்திரியாகப் போகும். சித்திரை, வைகாசியில் இதைவிட ஆற விடுங்கள். பால் கை பட்டால் சூடே தெரியாத அளவில் இருந்தாலும் அறையின் வெப்பமே உறைய வைத்துவிடும்.

உறை மோர். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். தயிர் உறையவில்லை என்றால் ‘இன்னும் ஒரு கரண்டி ஊற்று’ என்பார்கள். உறை மோர் தன்னோடு புளிப்பையும் கொண்டு வருகிறது. அளவு கூடினால் புளிப்பு வேகமாக ஏறி, தயிர் இறுகி, மேலே தண்ணீர் விட்டுவிடும். அரை லிட்டருக்கு இப்படி வையுங்கள்: கோடையில் அரைத் தேக்கரண்டி, ஐப்பசி மழையில் ஒன்று, மார்கழியில் இரண்டு. உறையை முதலில் இரண்டு கரண்டி பாலில் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, பிறகு முழுப்பாலில் கலக்குங்கள்.

உறை ஊற்றுகிற நேரமும் முக்கியம். இரவு பத்து மணிக்கு ஊற்றிவிட்டுப் படுத்தால் கோடையில் தயிர் நடுச்சாமத்திலேயே உறைந்து, விடியும்வரை புளித்துக்கொண்டே இருக்கும். மாலை 5 மணிக்கு ஊற்றுங்கள். 4, 5 மணி நேரத்தில் உறைந்துவிடும். பாத்திரத்தை லேசாகச் சாய்த்தால் தயிர் ஓரத்தை விட்டு ஒரே கட்டியாக நகர வேண்டும். அந்த நிமிடமே ஃப்ரிட்ஜுக்குள். உறையும்போது தூக்கிப் பார்ப்பது, ஆட்டுவது கூடாது. மார்கழியில் 8 மணி நேரம் ஆகலாம். அப்போது இரவு ஊற்றுவதே சரி.

பாத்திரம். என் ஓட்டு மானாமதுரை மண்சட்டிக்கு. மண் கொஞ்சம் நீரை உறிஞ்சித் தயிரைக் கெட்டியாக்கும்; அது சுவர் வழியே ஆவியாவதால் சட்டி குளிர்ந்து, கோடையில் புளிப்பும் தாமதமாகும். அதே குளிர்ச்சி மார்கழியில் எதிரி, அப்போது எவர்சில்வருக்கு மாறுங்கள். புதுச் சட்டியை அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு நாள் ஊற வையுங்கள். சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய மங்குச் சட்டி (எனாமல் பூசிய இரும்புச் சட்டி) வாங்கி அதில் தயிர் ஊற்றுகிறவர்கள் உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் உள்பக்கம் பூச்சு பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிந்தால் அதைச் செடி வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். ஈயம் பூசாத பித்தளையும் அப்படித்தான். புளிப்பு பட்டால் களிம்பு ஏறும்.

சாப்பிடும் வழிகள். கொதிக்கிற சோற்றில் தயிரைக் கொட்டாதீர்கள், நீர்த்துவிடும், கிருமியும் சாகும். சோறு ஆறியதும் பிசையுங்கள். டிபன் பாக்ஸுக்கு என்றால் முக்கால் பங்கு பால், கால் பங்கு தயிர்; மதியம் திறக்கும்போது அளவான தயிர்சாதமாக இருக்கும். கோழி வறுவல், பிரியாணிக்கு வெங்காயப் பச்சடியோடு நிறுத்தாமல் வெள்ளரிப் பச்சடியும் வையுங்கள், உப்பைப் பரிமாறும்போது மட்டும் போடுங்கள். வெயில் நேரத்தில் ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்ட நீர்மோர். மோர்க்குழம்பில் கிருமி மிஞ்சாது, கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் ஒன்றிரண்டோடு போதும், அதில் உப்பு அதிகம்.

மீறிப் புளித்துவிட்டதா? ஒரு கப் அரிசி மாவு, ஒரு கப் புளித்த தயிர், இரண்டு கப் தண்ணீர் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகும் மோர் மிளகாயும் தாளித்து, ஒட்டாமல் வரும்வரை கிளறினால் மோர்க்களி. ரவைப் பணியார மாவுக்கும் இந்தப் புளிப்பு பொருந்தும்.

பிறகு சேர்த்தது

தயிர் நூல் நூலாக இழுக்கிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். உறையில் வேறு கிருமி ஓங்கிவிட்டது, அல்லது சூடு போதவில்லை. பழைய உறையைக் கொட்டிவிட்டு, நன்றாக உறைகிற வீட்டிலிருந்து புதிது வாங்குங்கள். தயிரில் குமிழ்க் குமிழாக ஓட்டையோ, இளஞ்சிவப்புப் படலமோ தெரிந்தால் சாப்பிட வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு: சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தயிரோடு விழுங்கக் கூடாது, கால்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். எத்தனை மணி நேர இடைவெளி என்று மருந்து எழுதியவரிடமே கேளுங்கள். காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் தயிரை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள்.